பல்லைக் கடித்துக்கொண்டு இளைப்பாறுவது எப்படி

கீழ் வரிசையில் வலது பக்கம் கடைசிக்கு முந்தின கடைவாய்ப் பல், தீபாவளி முடிந்த வாரம் முறுக்கு கடிக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் போட்டது. முறுக்கின்மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் இடது பக்கமாகவே மென்று சமாளித்தேன். மூன்றாம் நாள் சூடான தே தாரிக் டீ பட்டதும் உச்சந்தலை வரைக்கும் கூசியது. சரி, இனி தாங்காது என்று பல் டாக்டரிடம் போனேன். அவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, முறுக்கைக் குறை சொல்லாதீர்கள், இது பல வருடத்து வேலை என்றார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். கடைவாய்ப் பற்களின் மேடெல்லாம் பொளியாத அம்மி மாதிரி மழமழவென்று தேய்ந்து கிடக்கிறதாம்.

அப்புறம் என் இரண்டு தாடையிலும் விரலை வைத்து, "இப்போதுகூட இறுக்கித்தான் வைத்திருக்கிறீர்கள், தளர்த்துங்கள்" என்றார். தளர்த்தினேன். "தளர்த்துங்கள்" என்றார் மறுபடியும். தளர்த்திவிட்டேனே டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், தாடை கீழே இறங்க மறுப்பது எனக்கே தெரிந்தது. நாற்பத்து மூன்று வயதாகிறது, என் வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இன்னொருவர் விரல் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு செய்து கொடுத்தார். அது பல்லைக் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது, அதற்கு நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்றும் சொன்னார். என்ன செய்ய? பினாங்கில் கரைப் பக்கம் பிறையில் வீடு, தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை, நடுவில் கடல்மேல் பாலம். 12 மணி நேர ஷிப்ட். தூசி புகக் கூடாத கிளீன் ரூமுக்குள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்த முகமூடிக்குள் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது? போதாததற்கு, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போ என்பதுதான் எங்கள் வீட்டில் வழிவழியாக வரும் அறிவுரை. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த அம்மா அதைத்தான் எங்கள் மூன்று பேருக்கும் சொல்லி வளர்த்தார். இப்படிச் சொன்னபடியே செய்து பல்லை உடைத்துக்கொள்வேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சாலையில் ஊழியர் நல வாரம் என்று ஒன்று வந்தது. கேன்டீன் மூலையில் இரண்டு சாய்வு நாற்காலி, மாட்டினால் வேறோர் இடத்தில் இருப்பது போலக் காட்டுகிற வி.ஆர். கண்ணாடி இரண்டு, ஒரு பலகையில் பெயர்ப் பட்டியல். ஆளுக்கு ஐந்து நிமிடம் இளைப்பாறலாம், இளைப்பாறியதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்னால் ஏழு பேர், பின்னால் யார் யாரோ, மதிய இடைவேளை முடிய இருபது நிமிடம். அடித்துப் பிடித்து நின்று என் முறை வந்து மாட்டினால் ஓர் அருவி, பச்சைப் பசேலென்று கரை, காதில் தண்ணீர்ச் சத்தம். சொல்லக் கூடாதுதான், நன்றாகவே இருந்தது. மூன்றாவது நிமிடம் லைன் லீடர் வந்து தோளைத் தட்டினார், ஏதோ மெஷின் நின்றுவிட்டது. அருவிக்குள்ளிருந்து நேராக லைனுக்குப் போனேன்.

அந்த மூன்று நிமிடம் மனதில் ஒட்டிக்கொண்டது. அண்ணன் மகனிடம் பழைய குவெஸ்ட் 2 வி.ஆர். கண்ணாடி ஒன்று சும்மா கிடந்தது. பரீட்சை முடியும்வரை தொடக்கூடாது என்று அண்ணி பூட்டி வைத்திருந்த சாமான். அதை வாங்கி வந்தேன்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலில் அரைக்கிலோ எடையுள்ள ஒன்றை முகத்தில் கட்டிக்கொண்டால் வியர்க்கும். வில்லை பனி பிடித்த மாதிரி மங்கிவிடும். கழற்றும்போது கண்ணைச் சுற்றிப் பட்டைப் பட்டையாகச் சிவப்புத் தடம் இருக்கும், அதோடு கடைக்குப் போனால் என்னம்மா ஆச்சு என்று கேட்பார்கள். ஏர்கோன் இல்லையென்றால் நிற்கும் மின்விசிறியை எதிரே வையுங்கள். இன்னொரு லாபமும் உண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை வைத்து அறையில் நாம் எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று உடம்புக்குத் தெரியும், தலைசுற்றல் கொஞ்சம் குறையும். நான் அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே மலைமேல் பறக்கிற ஒரு காட்சியைப் போட்டுத் தொலைத்தேன். கண் பறக்கிறாய் என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு இல்லையே, பிளாஸ்டிக் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது, இரண்டுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொண்டது. அம்மா நெற்றியில் கோடாரித் தைலம் தேய்த்துவிட்டு, ஊறப்போட்ட ஜாதிக்காயில் ஒரு துண்டை வாயில் திணித்துவிட்டு, "இதுக்குப் பேருதான் ரெஸ்ட்டாடி?" என்று கேட்டார்.

பறப்பதை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற காட்சிகளாக ஒரு மாதம் போட்டேன். போட்டிருக்கும் வரை சுகம். கழற்றினால் அதே அறை, அதே தாடை. பல் தட்டில் கடித்த தடமும் குறையவில்லை.

ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். வி.ஆர். நம்மை வேறு எங்கோ தூக்கிக்கொண்டு போகிறது, அதில் அது கெட்டி. அமெரிக்காவில் சியாட்டலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990களிலேயே தீக்காய நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றும்போது வருகிற வலி கொடுமையானது, மருந்து கொடுத்தாலும் முழுதாக அடங்காது. அந்த நேரத்தில் நோயாளிக்குக் கண்ணாடியை மாட்டி, பனி மூடிய பள்ளத்தாக்கு ஒன்றில் பனிப்பந்து எறிந்து விளையாட விட்டார்கள். வலி குறைவாகத் தெரிந்தது என்று நோயாளிகள் சொன்னார்கள். காரணம் எளிது. வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும், அந்தக் கவனத்தைப் பனிப்பந்து பிடுங்கிக்கொள்கிறது. தீக்காயத்துக்கு அது வரப்பிரசாதம். என் கதை வேறு. என் கவனம் தாடையை விட்டு எப்போதோ போய்விட்டது, அதுதானே நோயே! இன்னும் தள்ளிக் கொண்டுபோய் விட்டால் எப்படிச் சரியாகும்?

எனக்கு வேண்டியது டாக்டரின் விரல் மாதிரி ஒன்று. இப்போது இறுக்குகிறாய், இப்போது விட்டாய் என்று அப்போதைக்கப்போது சொல்கிற ஒன்று. அதற்குத்தான் பயோஃபீட்பேக் என்று பெயர். தமிழில் உயிரியல் பின்னூட்டம் என்று எழுதுகிறார்கள், படித்தால் ஏதோ அரசாங்கப் படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டம் மாதிரி இருப்பதால் நான் பயோஃபீட்பேக் என்றே எழுதுகிறேன். சங்கதி புதிதும் இல்லை. 1950களின் கடைசியில் சிகாகோவில் ஜோ கமியா என்பவர் மூளை அலையை அளந்துகொண்டே, இப்போது ஆல்ஃபா அலை வருகிறது, இப்போது வரவில்லை என்று அவ்வப்போது ஆட்களுக்குச் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அவர்களே அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள், பிறகு வேண்டும்போது வரவழைக்கவும் செய்தார்கள். 1969இல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். அடுத்த வருடம் கன்சாஸில் மெனிங்கர் மனநல நிலையத்துக்கு இந்தியாவிலிருந்து சுவாமி ராமா என்கிற யோகி போனார், ஒரே உள்ளங்கையின் இரண்டு இடங்களை வெவ்வேறு வெப்பத்துக்குக் கொண்டுவந்து காட்டினார், எல்மர் கிரீன் என்கிற ஆராய்ச்சியாளர் அதை அளந்து பதிவு செய்தார். அம்மாவிடம் சொன்னேன். உள்ளங்கையைச் சூடாக்கி என்ன செய்தாராம் என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் வாங்கியது மார்பில் கட்டுகிற பட்டை. ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கட்டுவார்களே, அதுதான், நானூறு ரிங்கிட்டுக்குச் சற்று மேலே ஆனது. கைக்கடிகாரம் பச்சை விளக்கை அடித்துத் தோலுக்கடியில் ரத்தம் வந்து போவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது, சராசரிக்கு அது போதும். இங்கே தேவைப்படுவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எத்தனை மில்லிசெகண்ட் என்பது, அதற்கு இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிற பட்டைதான் சரிப்படும்.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் செகண்டுக்கு ஒன்றாகக் கடிகாரம் போல அடிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி அடிக்காது. ஒன்று 940 மில்லிசெகண்டில் வரும், அடுத்தது 1,010, அதற்கடுத்தது 1,060. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்குகிற வேகஸ் நரம்பு ஒரு பிரேக் மாதிரி. உள்மூச்சில் பிரேக்கிலிருந்து கால் எடுபடுகிறது, வெளிமூச்சில் மறுபடி மிதிபடுகிறது. இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இங்கே நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். என் பிழைப்பே தரக் கட்டுப்பாடு. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் புள்ளிகள் எறும்பு வரிசை போலப் போக வேண்டும், ஒரு புள்ளி எகிறினால் லைனை நிறுத்து, ஏன் எகிறியது என்று அறிக்கை எழுது. மாறுபாடு என்பது எங்கள் ஊரில் எதிரி. பதினெட்டு வருடம் கோட்டை நேராக்கியே சம்பளம் வாங்கியவளிடம் வந்து, உன் நெஞ்சுக்குள் கோடு நேராகப் போனால்தான் ஆபத்து என்றால்? ஆனால் அதுதான் உண்மை. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், துடிப்பில் மாறுபாடு குறைந்தவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். பிரசவ வார்டில் வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் துடிப்பைத் தாளில் ஓட விடுவார்களே, அந்தக் கோடு நடுங்காமல் சமமாகப் போனால் நர்ஸ் முகம் மாறுவதை என் பிரசவத்தில் நானே பார்த்திருக்கிறேன். காரணம் இவ்வளவு காலம் கழித்துத் தெரிந்தது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 6 மூச்சு, அதாவது பத்து செகண்டுக்கு ஒன்று. இந்த வேகத்தில் துடிப்பின் ஏற்ற இறக்கம் உச்சத்துக்குப் போகிறது. ரத்த அழுத்தம் ஏறினால் இறக்கு, இறங்கினால் ஏற்று என்று உடம்புக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது, அது கட்டளை போட்டுப் பலன் தெரியக் கிட்டத்தட்ட ஐந்து செகண்ட் பிடிக்கிறது, ஏற ஐந்து இறங்க ஐந்து என்று ஒரு சுற்றுக்குப் பத்து. மூச்சும் அதே தாளத்தில் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும், ஊஞ்சல் திரும்புகிற நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி. பால் லேரர், எவ்கெனி வாஸ்சில்லோ என்கிற ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயிற்சியாகவே வகுத்தார்கள். எல்லோருக்கும் 6தான் என்று இல்லை, பெரியவர்களுக்கு 4.5லிருந்து 6.5க்குள் எங்காவது அமையும், அவரவர் தேடிக்கொள்ள வேண்டும். எனக்கு ஐந்தரை. உள்ளே நான்கரை செகண்ட், வெளியே ஆறரை, கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும்.

முதல் வாரம் அமர்க்களமாகத் தப்பு செய்தேன். மெதுவாக என்றால் ஆழமாக என்று எடுத்துக்கொண்டு, தண்ணீர்மலை முருகனுக்கு 513 படியும் ஒரே மூச்சில் ஏறுகிறவள் மாதிரி நெஞ்சு நிறைய இழுத்தேன். எட்டாவது மூச்சில் விரல் நுனி மரத்தது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது, தலை லேசாகிவிட்டது. கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியே தள்ளினால் இப்படித்தான் ஆகும். மூச்சு நீளமாக இருக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் மூச்சு விடுகிற மாதிரி, அவ்வளவுதான்.

இந்தப் பட்டையையும் வி.ஆர். கண்ணாடியையும் சேர்த்தபோதுதான் விஷயம் சூடு பிடித்தது. நான் போட்ட செயலியில் இரவு நேரக் கடல். நான் மூச்சிழுத்தால் அலை மெல்ல மேலெழும், விட்டால் கரையில் பரவும். மூச்சும் துடிப்பும் தாளம் சேர்ந்துவிட்டால் தண்ணீருக்குள் நீலநிறத்தில் மினுமினுவென்று புள்ளிகள் தோன்றும், தாளம் தப்பினால் ஒவ்வொன்றாக அணையும். அழகென்றால் அப்படி ஓர் அழகு. நான் அந்தப் புள்ளிகளைத் துரத்த ஆரம்பித்தேன். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, ஏன் குறைந்தது, எங்கே தவறு, மூல காரணம் என்ன. ஒருநாள் கடல் முழுக்க நீலமாகிக்கொண்டே வந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் முன்னால் சாய, சட்டென்று எல்லாம் அணைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினேன். தாடை வலித்தது. இருபது நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு இளைப்பாறியிருக்கிறேன்.

அன்று சிரித்துவிட்டேன், தனியாக உட்கார்ந்து. அதற்குப் பிறகு செய்த ஒரே மாற்றம், கடலைப் பார்ப்பதை விட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன், இதற்கா கண்ணாடி என்று கேட்காதீர்கள். வெளிமூச்சின் கடைசியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அங்கே தோள் தானாக இறங்கும், தோள் இறங்கினால் கீழ்ப்பல் மேல்பல்லை விட்டுப் பிரியும். நாக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த இடத்தை உடம்பில் கண்டுபிடித்த பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால் புள்ளிகள் இருக்கும். இருக்கிறதா என்று தேடினால் இருக்காது.

இப்படி மூச்சையே காட்சியாக்குகிற யோசனை 1995இலேயே வந்துவிட்டது என்று பிறகு படித்தேன். கனடாவைச் சேர்ந்த ஷார் டேவிஸ் என்கிற ஓவியர், கடலுக்கடியில் நீந்திப் பழகியவர், ஒரு மெய்நிகர் உலகத்தைச் செய்தார். அதில் கைக்கருவி கிடையாது. மார்பில் ஓர் உடுப்பு, மூச்சிழுத்தால் மேலே மிதப்பீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள், சாய்ந்தால் அந்தப் பக்கம் போவீர்கள். இப்போது வருகிற பாதிச் செயலிகள் அருவியையும் காட்டையும் மட்டும் காட்டிவிட்டுக் காசு வாங்குகின்றன. என்னைக் கேட்டால், வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள், நீங்கள் மூச்சு விடுவது அதற்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அது நல்ல படம், அவ்வளவுதான். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021 நவம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு அனுமதி கொடுத்த எட்டு வார வி.ஆர். பயிற்சியில்கூட, வெறும் இயற்கைக் காட்சியோடு நிற்காமல் மூச்சுப் பயிற்சியைச் சேர்த்திருக்கிறார்கள்.

காடு என்றதும் அம்மா கதை.

மரம் மனிதனை அமைதிப்படுத்தும் என்பதற்கு எல்லோரும் எடுத்துக் காட்டுகிற ஆய்வு ஒன்று உண்டு. ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அதனால்தான் இந்தச் செயலிகளில் எங்கு பார்த்தாலும் மரம். அம்மாவுக்கும் தூக்கம் சரியில்லை என்பதால் ஒரு சாயங்காலம் அவரை உட்கார வைத்து, கோவிட் சமயத்தில் வாங்கின ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன். துடிப்பு 74. தலையில் கண்ணாடியைக் கட்டி வாரை இழுத்தேன்.

"நெத்தி விளக்கு மாதிரி இருக்கு" என்றார்.

காட்டுக் காட்சியைப் போட்டேன். விடியற்காலை, மூடுபனி, உயர உயரமாக மரங்கள், எங்கோ ஒரு குருவி. அம்மா தலையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். 81. வலது கை மடியிலிருந்து கொஞ்சம் மேலே வந்து, மரப்பட்டையில் வெட்டின கோடு எதுவரை இறங்கியிருக்கிறது என்று தடவிப் பார்க்கிற மாதிரி காற்றில் நின்றது. 88.

"மணி என்னடி ஆச்சு?"

"ஆறேமுக்கால்மா. எதுக்கு?"

"ஆறேமுக்காலா! ஒரு மரம்கூட வெட்டாம நிக்குது பாரு, யாரு நிரை இது?"

துடிப்பு 93 ஆனதும் கழற்றிவிட்டேன். சாயங்காலம் ஆறேமுக்கால்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 22 வருடம் நாலு மணிக்கு எழுந்து, பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு நின்று, தனக்குக் கொடுத்த நிரையில் மழை வருவதற்குள் பால் பிடிக்கிற மங்கு நிறைய வேண்டுமே என்று மரத்துக்கு மரம் ஓடியவருக்கு விடியற்காலைக் காடு என்பது ஆபீஸ். எனக்கு யாராவது கண்ணாடி மாட்டி எங்கள் கிளீன் ரூமைக் காட்டி, மூச்சை மெதுவாக விடுங்கள் என்றால் எப்படியிருக்கும்?

"கொசுவே இல்லையே, அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே விளக்கேற்றப் போனார். விரலில் ஆக்சிமீட்டரைக் கழற்ற மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். தினமும் பாடுகிற பாட்டை ஆரம்பித்தார். நீளநீளமான வரி, வரி முடிகிற இடத்தில்தான் மூச்சு. நான் பின்னால் நின்று எண்ணினேன். நிமிடத்துக்கு ஆறு, சில நிமிடம் ஏழு. விரலில் 76 இருந்தது, 72 ஆனது, பிறகு அங்கேயே நின்றது. ஒரு தடவை பார்த்ததை வைத்துப் பெரிதாக எதுவும் பேச மாட்டேன், ஆனால் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்பவரும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 23 பேரை, கத்தோலிக்கர்கள் ஜெபமாலை உருட்டிக்கொண்டு லத்தீனில் சொல்கிற மரியன்னை ஜெபத்தையும், பிறகு ஒரு யோக மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கா இத்தன சாமான் வாங்கின?" என்றார். மார்புப் பட்டை என்ன விலை என்று இன்னும் சொல்லவில்லை.

பட்டை வீண் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் எனக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. மூச்சுப் பயிற்சி செய் என்று பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டிருக்கிறேன். நடந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது. வெளியே மூச்சு போகிறது, திரையில் கோடு இறங்குகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் என்னைப் போன்ற ஆட்கள் நம்புவோம். முதல் ஆறு வாரம் தினம் இருபது நிமிடம். அப்புறம் பத்து. இப்போது பட்டையை வாரத்துக்கு ஒருமுறை கட்டினால் அதிகம். கண்ணாடியை அண்ணன் மகன் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான், பரீட்சை முடிந்ததாம். "அத்தை, உள்ள ஒரே கடல் வாசனை" என்கிறான், அது என் வியர்வை.

இப்போது பயிற்சி பெரும்பாலும் பாலத்தில்தான். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஓரளவு ஓடும், ஆறு தாண்டினால் 13.5 கிலோமீட்டரும் ஊர்வதுதான். முன்னால் லோரி, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் சர்சர்ரென்று, கீழே கடல் இருக்கிறது என்பதே மறந்துவிடும். கார் ஓட்டும்போது கண்ணை மூட முடியாது, எண்ணிக்கொண்டிருப்பதும் ஆபத்து. அதனால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். ஊர்கிற வேகத்தில் ஒரு கம்பத்துக்கு உள்ளே, அடுத்த கம்பம் வரும்வரை வெளியே. வேகம் கூடினால் கணக்கு தப்பும், தப்பட்டும். யாராவது குறுக்கே புகுந்தால் முதலில் கெட்ட வார்த்தை வரும், அதையும் வெளிமூச்சிலேயே விட்டுவிடுவேன். நீளமான வார்த்தையாக இருந்தால் இன்னும் நல்லது.

போன மாதம் பல் டாக்டரிடம் போனேன். பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதைக் கழுவி விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் புதுத் தடம் அவ்வளவாக இல்லை என்றார். வலது பக்கத்தில் விரலை வைத்து, இங்கே மட்டும் இன்னும் பள்ளமாகிறதே, வலது பக்கம் சாய்ந்து தூங்குவீர்களா என்று கேட்டார். தெரியாது டாக்டர், தூங்கிவிடுவேனே என்றேன். இன்றிரவு கவனித்துப் பாருங்கள் என்றார்.